சொறி நாய்க்கு டிராக்டர் ஆயிலா?

எங்கள் தோட்டத்து நாய் மணிக்குக் காது ஓரமும் முழங்கையும் முடி கொட்டி, தோல் பொருக்குத் தட்டிப்போனது. பக்கத்துக் காட்டுக்காரர் வந்து பார்த்தார். "டிராக்டர்ல வடிச்ச ஆயிலைத் தடவி உடுங்க, மூணு நாள்ல போயிருமுங்க" என்றார். தடவினோம். ராத்திரி முழுக்க அது நக்கித் தின்றது. விடியும்போது கட்டுத்தரையெல்லாம் வாந்தி. பட்டறைக்குப் பட்டறை சும்மா கிடைக்கிற இந்தக் கறுப்பு எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், உள்ளே போனால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சொறிப்பூச்சிக்கு அது மருந்தே இல்லை.

அடுத்த தவறு, எல்லாச் சொறியும் ஒன்று என்று நினைப்பது. சார்கோப்டிஸ் என்கிற பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். முட்டை முழுப்பூச்சியாக இரண்டு மூன்று வாரம் போதும். அரிப்பு தாங்காது, மற்ற நாய்க்கும் தொற்றும். டெமோடெக்ஸ் என்கிற இன்னொரு பூச்சி மயிர்க்காலில் குடியிருப்பது. பிறந்த சில நாளில் தாயிடமிருந்து குட்டிக்கு வருவது. கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் திட்டுத் திட்டாக முடி கொட்டும், ஆரம்பத்தில் அவ்வளவாக அரிக்காது. இதற்குப் போய் "அரிப்பு நிற்கட்டும்" என்று ஸ்டீராய்டு ஊசி போட்டால், எதிர்ப்புச் சக்தி குறைந்து நோய் உடம்பெல்லாம் பரவிவிடும்.

கால்நடை மருத்துவர் மணியின் காது மடல் விளிம்பை இரண்டு விரலால் தேய்த்தார். பின்னங்கால் தானாகச் சொறிகிற மாதிரி உதறியது. தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் சார்கோப்டிஸ் பல நேரம் சுரண்டலில் சிக்காதாம். அந்தக் கால் உதறல் மாதிரி அறிகுறியை வைத்தே வைத்தியம் தொடங்கினார். என் முன்கையிலிருந்த சிவப்புத் தடிப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். நாய்ப் பூச்சி மனிதத் தோலில் இனம் பெருக்காது, நாய் தேறினால் பெரும்பாலும் அதுவும் அடங்கும்.

செம்மறி வைத்திருப்பவர்கள் வீட்டில் ஐவர்மெக்டின் என்கிற பூச்சி மருந்து பாட்டில் இருக்கும். நல்ல மருந்துதான், ஆனால் கண்ணளவில் நாய்க்குப் போடாதீர்கள். ஒரு சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது; சின்ன நாய்க்குக் கொஞ்சம் பிசகினாலும் அளவு எகிறிவிடும். கோலி இனத்தில் பல நாய்களுக்கு மரபணுக் கோளாறால் மருந்து மூளைக்குள் போய் நடுக்கம், மயக்கம், சில சமயம் சாவு வரை கொண்டுபோகும். கலப்பு நாயின் வம்சம் நமக்கு எங்கே தெரிகிறது?

பூனை விஷயத்தில் இன்னும் கவனம். நாய்க்கு உண்ணி போக விடுகிற பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனையைக் கொன்றுவிடும். முயலுக்கு ஃபிப்ரோனில் என்கிற உண்ணி மருந்து ஆகாது.

அப்புறம் இன்னொரு தவறு, முடி முளைத்ததும் மருந்தை நிறுத்துவது. டெமோடெக்ஸ் என்றால் ஒரு மாத இடைவெளியில் இரண்டு சுரண்டல் சுத்தமாக வரும்வரை விடக்கூடாது. சார்கோப்டிஸ் என்றால் கூட இருக்கிற எல்லா நாய்க்கும் ஒரே சமயத்தில் மருந்து. மணி படுத்த சாக்கை எரித்தோம். அரிக்கவே அரிக்காத மற்ற இரண்டு நாய்களையும் வண்டியில் ஏற்றத்தான் பெரும்பாடு.