நான்கு பிளைவுட் தாளில் பக்க மிதவைப் படகு

வீட்டில் செய்த சின்னப் படகுகளில் பலகை உடைவது அபூர்வம். விட்டுப்போவதெல்லாம் சேர்மானம்தான்: பலகையோடு பலகை ஒட்டிய இடம், படகோடு மிதவையைக் கட்டிய இடம். ஆகவே இங்கே வடிவத்தைவிட ஒட்டுக்கும் கட்டுக்கும்தான் அதிக இடம். அளவுகள் ஒருவர் தாராளமாகவும் இருவர் நெருக்கியும் உட்காரக்கூடிய, 4.8 மீட்டர் நீளப் படகுக்கானவை.

6 மி.மீ. பிளைவுட் மூன்று தாள், 4 மி.மீ. ஒரு தாள் வேண்டும். எல்லாம் 2440 × 1220 மி.மீ. அளவு. படகுக்கென்றே வரும் பிஎஸ் 1088 தரம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு துண்டை வெட்டி ஒரு மணி நேரம் கொதிக்கும் நீரில் போட்டு, காயவைத்து, உளியால் நெம்பிப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தப் பலகை அலமாரிக்குத்தான் ஆகும். ஓரத்தையும் கவனியுங்கள். நடு அடுக்கில் பொந்து தெரிந்தால் தண்ணீர் அங்கேதான் குடிபுகும். எப்பாக்ஸி பிசினும், அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரும் சேர்த்து ஏறத்தாழ 8 கிலோ பிடிக்கும். 75 மி.மீ. அகலக் கண்ணாடி இழை நாடா 30 மீட்டர் வாங்கினால் பற்றாக்குறை வராது.

முதல் வேலை இரண்டு 6 மி.மீ. தாள்களை நீளவாக்கில் இணைப்பது. தடிமனைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவு சீவ வேண்டும், அதாவது 48 மி.மீ. ஒரு தாளின் மேல் இன்னொன்றை வைத்து, மேல்தாளின் விளிம்பை 48 மி.மீ. பின்னுக்குத் தள்ளிப் படிபோல அடுக்குங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே சரிவாக இழைப்புளியால் சீவுங்கள். சீவச் சீவ பிளைவுட்டின் அடுக்குகள் வெளிர், அடர் நிறக் கோடுகளாக வெளிப்படும். கோடுகள் விளிம்புக்கு இணையாக நேராக ஓடினால் சரிவு சமம். எங்காவது கோடு வளைந்தால் அந்த இடம் மேடு அல்லது பள்ளம். அளவுகோலைவிட இந்தக் கோடுகளையே நம்பலாம்.

ஒட்டும்போது முதலில் வெறும் எப்பாக்ஸியை இரு முகத்திலும் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள், மரம் குடித்துக்கொள்ளட்டும். குடித்த இடத்தில் மறுபடி தடவி, அதன்மேல் சிலிக்கா தூள் கலந்து பற்பசைப் பதத்தில் கெட்டியாக்கியதைப் பூசிச் சேருங்கள். கிளாம்பை நெரித்து முறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்துவிடும், ஒட்டு வறண்டுபோகும். ஓரமெங்கும் மெல்லிய கோடாகப் பசை பிதுங்கினால் போதும். அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்க மறந்தால் தரையும் படகின் பாகமாகிவிடும்.

இணைந்த பலகையை நீளவாக்கில் 40 செ.மீ. அகல மூன்று பட்டைகளாக அறுங்கள். இரண்டு பக்கங்களுக்கு, ஒன்று அடிக்கு. பக்கப் பலகைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முனைச் சரிவைச் சேர்த்தே அறுத்தால்தான் படகு ஒருபக்கம் கோணாது. இரு முனைகளையும் கம்பியால் தைத்து, நடுவில் ஒரு தற்காலிகச் சட்டத்தையும், முனையிலிருந்து 1.2 மீட்டரில் ஒவ்வொரு தடுப்புப் பலகையையும் நுழைத்து விரியுங்கள். பக்கங்கள் 15 பாகை வெளிச்சாய்வாக நின்றால் அடியோரம் தானாகவே முனைகளில் மேலெழும்பும். அடிப்பலகையை முன்கூட்டி அறுக்க வேண்டாம். கூட்டைக் கவிழ்த்து, மேலே அதை வளைத்து வைத்து, பக்கங்களைப் பார்த்துக் கோடு போட்டு, 5 மி.மீ. கூடுதல் விட்டு அறுங்கள்.

தையலுக்கு விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, 15 செ.மீ.க்கு ஒன்றாக 2 மி.மீ. துளை. கம்பி 1.2 மி.மீ. செம்பு. எல்லாம் இறுகியதும் ஒட்டப் பறக்க வேண்டாம். இரண்டு நேரான குச்சிகளை முன்னும் பின்னும் படகின் குறுக்கே வைத்து, ஒரு முனையில் குனிந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரு குச்சிகளும் ஒன்றையொன்று மறைத்து இணையாகத் தெரிந்தால் படகில் முறுக்கில்லை. தெரியாவிட்டால் மூலையில் சக்கை வைத்துத் திருத்துங்கள். பசை காய்ந்தபின் இதைத் திருத்த வழியே கிடையாது.

உள்மூலைகளில் சலித்த மரத்தூள் கலந்த எப்பாக்ஸியை 20 மி.மீ. ஆர வளைவாக வழித்து, அது இறுகும் முன்பே நாடாவை ஒட்டிவிடுங்கள். மறுநாள் கம்பிகளை உருவலாம். வராத கம்பியைச் சால்டரிங் இரும்பால் சுட்டால் பிசின் இளகி விட்டுக்கொடுக்கும். வெளிமூலைகளை 6 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிய பிறகே நாடா. கூர்விளிம்பில் கண்ணாடி இழை படியாது, அடியில் காற்று நின்றுவிடும். முனைகளை மூடித் தளம் போட்டால் இரண்டு காற்றறைகள். படகு நிரம்பினாலும் மிதக்கவைப்பவை இவைதான்.

எப்பாக்ஸியில் பலரும் செய்யும் தப்பு, சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவது. அது பாலியெஸ்டர் பிசினுக்குச் செல்லுபடியாகும் பழக்கம். இங்கே விகிதம் மாறினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்புப் போகாது, சுரண்டி எடுக்க வேண்டியதுதான். கலந்ததைக் கப்பிலேயே விட்டால் சூடேறிப் புகையும். அகலத் தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். வெயில் ஏறும் காலையில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழிகளாக வெளிவரும். வெயில் தாழ்ந்தபின் பூசுங்கள். காய்ந்த மேற்பரப்பில் வழவழப்பான படலம் தெரிந்தால் அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீரும் சொரசொரத் துடைப்பானும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். கையுறை கட்டாயம், ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போகாது. கடைசியில் பெயிண்ட் அடிக்காவிட்டால் எப்பாக்ஸியை வெயில் தின்றுவிடும்.

மிதவை, 4 மி.மீ. தாளிலிருந்து: 3.2 மீட்டர் நீளம், 15 செ.மீ. சதுரம், இரு முனையும் கூர். கொள்ளளவு சுமார் 50 லிட்டர். உள்ளேயும் பூசி மூடி, சிறு திருகுமூடி ஒன்று வையுங்கள். கரையில் வெயிலில் கிடக்கும்போது அதைத் திறந்துவிடாவிட்டால் உள்காற்று விரிந்து ஒட்டைப் பிரித்துவிடும்.

குறுக்குத் தண்டுகள் இரண்டு: 45 × 70 மி.மீ. நேர்நார் மரம், அல்லது 6–7 செ.மீ. தடிமனான முற்றிய மூங்கில், 2.4 மீட்டர் நீளம், இடைவெளி 1.7 மீட்டர். படகின் நடுக்கோட்டிலிருந்து மிதவையின் நடுவுக்கு 1.8 மீட்டர். போல்ட் வேண்டாம். அலையில் மிதவை ஒவ்வொரு நொடியும் நெளியும். போல்ட் அந்த நெளிவு முழுவதையும் ஒரே துளையில் வாங்கி, துளையை அகலப்படுத்தி, கடைசியில் தண்டைப் பிளக்கும். கயிற்றுக்கட்டு அதையே பத்துச் சுற்றுக்குப் பகிர்ந்துவிடும். பசிபிக் தீவுக்காரர்கள் பெருங்கடலைக் கடந்ததும் தேங்காய்நார்க் கயிற்றுக் கட்டை நம்பித்தான். கட்டுமரம் என்ற பெயரே கட்டுக்குப் பிறந்தது. ஆங்கிலத்துக்குப் போய் அது இரட்டை உடல் படகானது வேறு கதை.

கயிறு 5 மி.மீ. பாலியெஸ்டர். நைலான் நனைந்தால் நீளும். தண்டுக்கடியில் டயர் டியூப் துண்டு வைத்து எட்டு, பத்துச் சுற்று இழுத்துக் கட்டி, பிறகு அந்தச் சுற்றுகளுக்கு நடுவே குறுக்காக மூன்று சுற்று போட்டு நெரியுங்கள். கட்டை இறுக்குவது இந்தக் குறுக்குச் சுற்றுதான். ஒருவர் உட்கார்ந்து படகு நேராக மிதக்கும்போது மிதவை லேசாகத் தண்ணீரைத் தொட வேண்டும், அதன் மூக்கு 2 செ.மீ. உயர்ந்திருக்கட்டும்.

பாய் 4.5 சதுர மீட்டர், தார்ப்பாயிலேயே வெட்டலாம். மணிக்கு 18 கி.மீ. காற்றில் அது சுமார் 8 கிலோ விசையால் பக்கவாட்டில் தள்ளும். காற்று இரட்டித்து 36 ஆனால் விசை நான்கு மடங்கு, 32 கிலோ. பாயின் நடு 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் கவிழ்க்கும் திருப்புவிசை (கிலோவை மீட்டரால் பெருக்கியது) 64. காற்று தள்ளும் பக்கத்தில் முழுதும் அமுங்கிய மிதவை தன் எடை போக 42 கிலோ தாங்கும், 1.8 மீட்டரில் அது 75. ஆக அந்தக் காற்றில் மயிரிழைதான் மிச்சம். அதற்கு வெகு முன்பே பாயைச் சுருக்குங்கள். மிதவை காற்று வரும் பக்கம் இருந்தால் கணக்கு இன்னும் மோசம். மிதவையும் தண்டுகளும் வெறும் எடையால் தருவது 18 அளவுதான், 18 கி.மீ. காற்றிலேயே அது தூக்கப் பார்க்கும். நீங்கள் தண்டின்மேல் அரை மீட்டர் நகர்ந்து உட்கார்ந்தால் 35 கூடும். துடுப்பைவிட உடம்புதான் இந்தப் படகின் முதல் கருவி.

மீந்த 6 மி.மீ. பலகையில் மூன்றை ஒட்டி 25 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளத்தில், படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் பக்கப்பலகை ஒன்று செய்து, 60 செ.மீ. தண்ணீருக்குள் நிற்கும்படி பாய்மரத்துக்குச் சற்றுப் பின்னே கட்டுங்கள். இல்லாவிட்டால் காற்று தள்ளும் திசைக்குத்தான் பயணம். படகு ஓயாமல் காற்றை நோக்கித் திரும்பினால் பலகையைப் பின்னுக்கு நகர்த்துங்கள். விலகி ஓடினால் முன்னுக்கு. மிதவை தன் பக்கம் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும், அதைத் துடுப்பால் சரிக்கட்டலாம்.

முதல் நாள் இடுப்பளவு தண்ணீரில், உயிர்க்கவசம் அணிந்து, வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். நிமிர்த்தி, தண்ணீரை இறைத்து, ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி ஓட்டியபின் கரையேறி எல்லாக் கட்டுகளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். புதுக் கயிறு முதல்முறை கட்டாயம் தளரும். குறுக்குச் சுற்றை அவிழ்த்து மறுபடி நெரித்த பிறகுதான் ஆழத்துக்குப் போக வேண்டும்.