ஹோட்டலுக்கும் கேட்டரிங்குக்கும் மொத்தமாகச் சரக்கு எடுப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சின்னதாக ஒரு மெஸ் போடுகிறவர்களும், வீட்டிலிருந்தே விசேஷ ஆர்டர் எடுக்கிறவர்களும் முதலில் கேட்பது, "எந்தக் கடையில விலை கம்மி?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கிலோ விலையை மட்டும் பார்த்துச் சரக்கு எடுத்தால் கையைக் கடித்துவிடும். அழுகல், கழிவு, வண்டி வாடகை, கூலி எல்லாம் போக ஒரு இலைக்கு என்ன விழுகிறது என்பதுதான் நம் விலை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தக் கணக்கைக் கண்டுபிடிக்கத்தான்.

படி 1: மெனுவிலிருந்து பட்டியல் போடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் நோட்டில் மெனுவை எழுதி, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அளவு போடுங்கள். நூறு பேர் மதியச் சாப்பாடு என்றால் அரிசி சுமார் 12 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு சுமார் 3 கிலோ என்று தொடங்கலாம். சாப்பிட வருகிறவர்கள் யார் என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். கட்டட வேலை நடக்கும் இடத்துக்குச் சாப்பாடு அனுப்புகிறவருக்கும் நிச்சயதார்த்தத்துக்குச் சமைக்கிறவருக்கும் ஒரே அளவு சரிவராது.

சமையல் மாஸ்டர் எழுதிக் கொடுக்கும் லிஸ்டில் எப்போதும் கொஞ்சம் கூடவே இருக்கும். பந்தியில் குறைந்துபோனால் பேர் கெடுவது அவருக்குத்தானே, அதனால் அதில் தப்பில்லை. ஆனால் விசேஷம் முடிந்ததும் மிச்சச் சரக்கை எடை போட்டு எழுதி வையுங்கள். நாலைந்து ஆர்டர் கழிந்தால் உங்களுக்கென்று ஓர் அளவுப் பட்டியல் கிடைத்துவிடும்.

பிறகு பட்டியலை நாலாகப் பிரியுங்கள். காய், கீரை, பால், கறி, மீன் தினசரி வாங்குவது. வெங்காயம், உருளைக்கிழங்கு, தேங்காய், எண்ணெய் வாரக் கணக்கு. அரிசி, பருப்பு, சர்க்கரை, ரவை மாதக் கணக்கு. மிளகாய், மல்லி, புளி, மஞ்சள் ஆகியவற்றைப் பருவத்தில் எடுத்தால் வருஷத்துக்கும் வரும். தொடங்கும்போது இந்த நாலாவது வகையைத் தொடாதீர்கள். முதல் ஆறு மாதம் கையில் காசு புழங்குவதுதான் முக்கியம், அதைப் புளியில் முடக்கக் கூடாது.

படி 2: எந்த மார்க்கெட், எந்தக் கடை

சென்னையில் காய்கறி, பழம், பூவுக்குக் கோயம்பேடு. கொத்தவால்சாவடியில் நடந்த வியாபாரம் 1996-இல் அங்கே மாறியது. மளிகை, மசாலா, முந்திரி வகைக்கு பாரிமுனைப் பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெருவும் அதைச் சுற்றிய தெருக்களும் இன்றும் மொத்த வியாபாரம் நடக்கும் இடங்கள். மதுரைக்காரர்களுக்கு மளிகை என்றால் கீழமாசி வீதி, காய் என்றால் மாட்டுத்தாவணி. திருச்சியில் காந்தி மார்க்கெட். திண்டுக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு ஒட்டன்சத்திரம் கைக்கெட்டும் தூரம். பருப்பு, எண்ணெய், வத்தலுக்கு விருதுநகர்.

ஒரே சரக்கு மூன்று கை மாறித்தான் நம்மிடம் வருகிறது: கமிஷன் மண்டி, மொத்தக் கடை, செமி ஹோல்சேல் (மொத்தத்துக்கும் சில்லறைக்கும் நடுவில் இருக்கும் கடை). மண்டியில் மூட்டைக் கணக்கில்தான் பேச்சு, சில்லறை கிடையாது. மாதம் 30 கிலோ துவரம்பருப்பு ஓடும் கடைக்கு மண்டி விலை தேவையே இல்லை. கிலோவுக்கு ரெண்டு ரூபாய் மிச்சம் பிடிக்க வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று நூற்றுக்கணக்கில் போய்விடும். அதனால் உங்கள் ஊர் செமி ஹோல்சேல் கடையில் தொடங்குங்கள். மூட்டை மூட்டையாக ஓட ஆரம்பித்த பொருளை மட்டும் ஒவ்வொன்றாக மேலே நகர்த்துங்கள். பெரும்பாலும் அரிசியும் எண்ணெயும்தான் முதலில் அப்படி நகரும்.

முதல் தடவை மார்க்கெட்டுக்குப் போகும்போது எதுவும் வாங்காமல் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். காய் மார்க்கெட்டுக்கு விடியற்காலை, மளிகைத் தெருவுக்குக் காலை பத்து மணிக்குப் பிறகு. மூன்று கடையில் ஒரே ரகத்துக்கு விலை கேளுங்கள். ரகத்தைச் சொல்லாமல் கேட்ட விலையை வைத்து ஒப்பிடவே முடியாது.

படி 3: விலைக்குப் பின்னால் இருக்கும் அளவைப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கடைக்காரர் பொய் சொல்லவே வேண்டாம், நாம் அளவைக் கேட்காமல் விட்டாலே போதும்.

எண்ணெய் டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு டின்னில் ஒன்றில் 15 கிலோ என்றும் மற்றதில் 15 லிட்டர் என்றும் போட்டிருக்கும். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான். ஆக 15 கிலோ டின்னில் சுமார் 16.5 லிட்டர் இருக்கிறது. 15 கிலோ டின் 2,100 ரூபாய், 15 லிட்டர் டின் 1,980 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் லிட்டர் 127 ரூபாய் சொச்சம், இரண்டாவதில் 132 ரூபாய். விலை கூடுதலாகத் தெரிகிற டின்தான் லாபம்.

அடுத்து அரிசிப் பை. 25 கிலோ இருந்த சிப்பம் ஏன் 26 கிலோ ஆனது என்று யோசித்திருப்பீர்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. அதைத் தாண்டிய பைக்கு வரி இல்லை என்பதால் ஆலைகள் 26 கிலோவுக்கு மாறின. நமக்கு இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. 5 சதவீத ஜிஎஸ்டி போடும் ஹோட்டலும் கேட்டரிங்கும் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அந்த வரி நேராக நம் செலவில் சேரும். அதனால் விலை கேட்கும்போதே "வரி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டு, கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக: மூட்டைச் சரக்கில் சாக்கு எடை கழித்தார்களா என்று கேளுங்கள். தக்காளிப் பெட்டி ஊருக்கு ஊர் வேறு எடை, "பெட்டி எவ்வளவு?" என்பதோடு "பெட்டியில் எத்தனை கிலோ?" என்றும் கேட்க வேண்டும். உயிர்க்கோழி கறியாகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிடும், எந்த எடைக்கு விலை சொல்கிறார் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முட்டைக்கு நாமக்கல் விலை தினமும் பத்திரிகையில் வருகிறது. அதற்கு மேல் ஒரு முட்டைக்கு எத்தனை பைசா என்று மட்டும் பேசி வைத்தால் தினம் பேரம் பேச வேண்டியதில்லை.

படி 4: சரக்கைக் கையால் பாருங்கள்

மூட்டையின் வாயைத் திறந்து மேலே கிடப்பதைக் காட்டுவார்கள். அது போதாது. அரிசிக் கடையில் குத்தூசி இருக்கும். மூட்டையின் நடுவிலும் அடியிலும் குத்தி எடுக்கச் சொல்லுங்கள். உள்ளங்கையில் கொட்டியதும் குருணை எவ்வளவு, கறுப்பு எவ்வளவு, எல்லா மணியும் ஒரே நீளமா என்று பாருங்கள். நாலு அரிசியைப் பல்லில் வைத்துக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது.

சாப்பாட்டு அரிசிக்குக் கட்டாயம் கேட்க வேண்டியது, "அண்ணாச்சி, புதுசா, பழசா?" புது நெல் அரிசி குழையும். பழைய அரிசி தண்ணீர் கூட இழுக்கும், உதிரியாக இருக்கும், சோறும் கூடுதலாகக் காணும். கிலோவுக்கு மூன்று நான்கு ரூபாய் கூடினாலும் பழையதே மெஸ்ஸுக்குக் கட்டுப்படியாகும். ஒரு கிலோ சாம்பிள் வாங்கி வடித்துப் பாருங்கள். சோறு எவ்வளவு வந்தது என்று எடை போடுங்கள். மூன்று மணி நேரம் ஹாட்பாக்ஸில் மூடி வைத்த பிறகு எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். கேட்டரிங்குக்கு இந்தக் கடைசிச் சோதனைதான் பெரிது, ஏனென்றால் சோறு அடுப்பிலிருந்து நேராக இலைக்குப் போவதில்லை. இட்லிக்கு ஏடிடி 37 மாதிரியான குண்டு அரிசி கேளுங்கள்.

உளுந்தில் முழு உளுந்து, அதுவும் புதுசு. ஒரே அளவு உளுந்தை இரண்டு கடையில் வாங்கி, தனித்தனியாக ஊற வைத்து ஆட்டிப் பாருங்கள். நல்ல உளுந்து கிரைண்டரில் பொங்கிக்கொண்டு மேலே வரும். பழசு எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் கட்டியாகவே கிடக்கும். மாவு காணாத உளுந்தை என்ன விலைக்கு வாங்கினாலும் நஷ்டம்தான், இட்லியும் கல்லாகும்.

துவரம்பருப்பில் கேசரிப் பருப்பு கலப்படம் பற்றிக் கவனமாக இருங்கள். துவரை உருண்டு வட்டமாக இருக்கும். கேசரிப் பருப்பு ஒரு பக்கம் சரிந்து, முனை வெட்டினது போலச் சதுரமாகத் தெரியும். ஒரு வெள்ளைத் தாளில் ஒரு கைப்பிடி பரப்பினால் கண்ணுக்குப் பட்டுவிடும். நிறம் கையில் ஒட்டினால் அந்தக் கடைக்கே திரும்பப் போகாதீர்கள். வேகும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் கூடுதலாக வேகும் பருப்பு தினமும் கேஸைத் தின்னும்.

மிளகாயைக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும், மடித்தால் ஒடிய வேண்டும். எடைக்காகத் தண்ணீர் தெளித்த வத்தல் மெத்தென்று வளையும். பத்து நாளில் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும், ஒன்றைப் பிளந்து பார்த்தால் தெரியும். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தாளிப்புக்கும் சட்னிக்கும் அதன் வாசனை தனி. காரத்துக்குக் குண்டூர், நிறத்துக்குக் கர்நாடகத்துப் பேடகி. மூன்றையும் கலந்து அரைத்தால் நிறத்துக்குச் சாயப்பொடி தேவைப்படாது. உங்கள் சமையலறையில் சாயப்பொடியே இருக்கக் கூடாது.

மிளகை விற்பவர்கள் லிட்டர் எடை பார்ப்பார்கள். ஒரு லிட்டர் படியில் 550 கிராம் நின்றால் நல்ல திரட்சி. தண்ணீரில் போட்டால் முற்றிய மிளகு அமிழும், பப்பாளி விதை மிதக்கும்.

வெங்காயத்துக்குக் கழுத்தைப் பாருங்கள். தாள் காய்ந்து இறுகியிருந்தால் வாரக்கணக்கில் தாங்கும். தடித்துப் பச்சையாக இருந்தால் மூன்றாம் நாள் நாற்றம். கிலோ 30 ரூபாய் வெங்காயத்தில் ஐந்தில் ஒரு பங்கு அழுகல் என்றால் சமையலுக்கு வருவது கிலோ 37.50. கிலோ 34 ரூபாய் வெங்காயத்தில் நூற்றுக்கு ஐந்து கழிந்தால் 35.80. இந்தக் கணக்கைச் சின்ன வெங்காயம், பூண்டு, முருங்கை, இறால் எல்லாவற்றுக்கும் ஒரு தடவை போட்டு வையுங்கள். உரித்த பிறகு, ஆய்ந்த பிறகு எடை போட்டால் போதும்.

படி 5: பேச்சும் பில்லும்

"மாசம் இவ்வளவு எடுப்பேன், இந்தக் கிழமை பணம் வந்துடும்" என்று சொல்கிறவருக்குத்தான் கடைக்காரர் இறங்கி வருவார். வெறுமனே "குறைங்கண்ணே" என்பதற்கு ஒரு ரூபாய்க்கு மேல் குறையாது. கடனுக்குக் கொடுக்கிறார் என்றால் ரொக்க விலை என்ன என்று தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கட்டும் வட்டி. முதல் மூன்று மாதம் ரொக்கத்தில் வாங்கிப் பேர் எடுத்துவிட்டுப் பிறகு தவணை கேட்பது நல்லது.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் கடைக்காரரின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்க வேண்டும், 2022 ஜனவரி முதல் இது கட்டாயம். யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய் அதிகாரி வந்து கேட்டால், சரக்கு எங்கிருந்து வந்தது என்று காட்ட உங்களிடம் இருப்பது அந்தத் தாள்தான்.

அரிசி, எண்ணெய், பருப்பு மூன்றுக்கும் எப்போதும் இரண்டாவது கடை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மாதம் ஒரு சின்ன பில்லாவது அங்கே போடுங்கள். முகூர்த்த நாளில் முதல் கடையில் சரக்கு இல்லை என்றால், முகம் தெரிந்த இடத்தில்தான் அவசரத்துக்குக் கிடைக்கும்.

படி 6: வந்த சரக்கை இறக்குவது

சொந்தமாக ஒரு தராசு வாங்குங்கள், முத்திரை வைத்ததாக. வண்டி நிற்கும்போதே எடை போட்டு, சாம்பிளோடு ஒப்பிடுங்கள். குறை இருந்தால் அன்றைக்கே சொல்லித் திருப்பி அனுப்புங்கள், மறுநாள் சொன்னால் எடுபடாது. சரக்கு வந்த தேதியைச் சாக்கின் மேல் மார்க்கரால் எழுதுங்கள். தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. புதுசு பின்னால், பழசு முன்னால். ரவையும் மைதாவும் மழைக்காலத்தில் பத்து நாளுக்கு மேல் தேவைப்படும் அளவு எடுக்க வேண்டாம்.

படி 7: பஞ்சாங்கத்தையும் பாருங்கள்

புது மிளகாயும் புளியும் மாசி, பங்குனியில் வரத்து கூடும். ஒரு வருஷம் தொழில் நடத்திய பிறகு, அப்போது மொத்தமாக எடுக்கலாம். வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களில் காயும் வாழையிலையும் ஏறும், ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண ஆர்டர் இருக்காது. புரட்டாசியில் கறி வியாபாரம் படுத்து, காய்க்குக் கிராக்கி கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளியும் சின்ன வெங்காயமும் எந்த விலைக்கும் போகும். பனியில் முருங்கைக்காய் கைக்கெட்டாது.

கேட்டரிங் எடுப்பவர்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. ஆடியில் முன்பணம் வாங்கி இலைக்கு ரேட் பேசுவீர்கள், விசேஷம் கார்த்திகையில் வரும். அதனால் கொட்டேஷனில் இனிப்பு, வடை, பாயசம் போன்றவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பொரியலையும் கூட்டையும் "அந்தப் பருவத்துக் காய்" என்று எழுதி வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வாழையிலைக்கு மட்டும் தேதி உறுதியான அன்றே இலைக் கடையில் முன்பணம் கொடுத்துவிடுங்கள்.