வயலின் வாங்கியாச்சு, நோட்ஸ் படிப்பது எப்படி?

வயலின் கற்க ஆரம்பித்தவர்கள் பலருக்கு விரல் எண் தெரியும், நோட் (மேற்கத்திய முறையில் தாளில் எழுதும் ஸ்வரக் குறி) தெரியாது. தொடக்கப் புத்தகங்களில் நோட்டுக்கு மேலே 0, 1, 2, 3 என்று விரல் எண்ணை அச்சிட்டிருப்பார்கள். 0 என்றால் விரல் வைக்காமல் வாசிப்பது. கண் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளும். கீழே இருக்கும் புள்ளி கோட்டில் இருக்கிறதா, இடைவெளியில் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. அடுத்த புத்தகத்தில் எண்கள் காணாமல் போனதும் வாசிப்பு அப்படியே நின்றுவிடும். அதனால் முதல் வாரத்திலிருந்தே நோட்டைப் படியுங்கள் என்றுதான் சொல்வேன். வயலினில் அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மூன்றாவது படியில் வருகிறது.

கர்நாடக சங்கீதம் பழகியவர்கள் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ‘ச’ நாம் வைக்கிற சுருதியைப் பொறுத்தது. ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் அது ‘ச’தான். மேற்கத்திய முறையில் நோட்டின் பெயர் சுருதியோடு நகராது. ட்யூனரில் ஏ தந்தியை 440 ஹெர்ட்ஸுக்கு வைத்தால், எல்லாப் பாட்டுக்கும் அதே ஏதான். தந்தி சேர்ப்பதும் வேறு. ச-ப-ச-ப என்று சேர்த்த வயலினில் இந்த நோட்ஸை வாசித்தால் தாளில் உள்ளதும் காதில் விழுவதும் ஒத்துப்போகாது. தடித்த தந்தியிலிருந்து ஜி, டி, ஏ, ஈ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். தளர்ந்திருந்த தந்தியை ஏற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். மெல்லிய ஈ தந்தி சட்டென்று அறுந்துவிடும்.

படி 1: ஐந்து கோடுகள்

ஸ்டாஃப் என்பது ஐந்து கோடுகள், நான்கு இடைவெளிகள். எப்போதும் கீழிருந்து மேலே எண்ண வேண்டும். இடது ஓரத்தில் சுருண்டு நிற்கும் குறிதான் ட்ரெபிள் க்ளெஃப். அதன் சுருள் இரண்டாவது கோட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கோடு ஜி. அங்கிருந்து கோடு, இடைவெளி, கோடு என்று ஏற ஏற ஏ, பி, சி என ஒவ்வோர் எழுத்தாக வரும். ஜி வந்ததும் மறுபடி ஏ.

கோடுகள் கீழிருந்து ஈ, ஜி, பி, டி, எஃப். இடைவெளிகள் எஃப், ஏ, சி, ஈ. இதற்கெல்லாம் மனப்பாட வாக்கியங்கள் உண்டு. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. வாசிக்கும் வேகத்தில் வாக்கியத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க நேரம் கிடைக்காது.

படி 2: நான்கு தந்திகளின் இடம்

மனப்பாடம் செய்வதென்றால் இந்த நான்கை மட்டும் செய்யுங்கள். விரல் வைக்காமல் வாசிக்கும்போது:

- டி: ஸ்டாஃபின் அடிக்கோட்டுக்குக் கீழே ஒட்டித் தொங்கும்.
- ஏ: இரண்டாவது இடைவெளி.
- ஈ: நான்காவது, அதாவது மேல் இடைவெளி.
- ஜி: ஸ்டாஃபுக்கு வெளியே, இரண்டு சின்னத் துணைக் கோடுகளுக்கும் கீழே.

ஒரு நோட்டைப் பார்த்ததும் அது எந்தத் தந்தி என்று இதிலிருந்தே தெரிந்துவிடும். தொங்கும் டியிலிருந்து இரண்டாவது கோடு வரை டி தந்தி. இரண்டாவது இடைவெளியிலிருந்து நான்காவது கோடு வரை ஏ தந்தி. அதற்கு மேலே ஈ, டிக்குக் கீழே ஜி.

படி 3: கோடா, இடைவெளியா?

மேலே சொன்ன நான்கையும் இன்னொரு தடவை பாருங்கள். நான்குமே இடைவெளியில் இருக்கின்றன (கோட்டுக்குக் கீழே தொங்குவதும் இடைவெளிதான்). ஒன்றுகூடக் கோட்டில் இல்லை. அப்படியென்றால் முதல் விரல் எந்தத் தந்தியிலும் கோட்டில்தான் விழும், இரண்டாவது இடைவெளியில், மூன்றாவது கோட்டில், நான்காவது மறுபடி இடைவெளியில்.

அதாவது, கோட்டில் இருக்கும் நோட் என்றால் 1 அல்லது 3. இடைவெளி என்றால் 0, 2 அல்லது 4. கை கழுத்தின் நுனியிலேயே இருக்கும் ஃபர்ஸ்ட் பொசிஷனில் இது பெரும்பாலும் தவறாது. துணைக் கோடுகளுக்கும் பொருந்தும். வயோலாவுக்கு க்ளெஃப் வேறு, தந்திகள் வேறு. ஆனாலும் இதே கணக்குதான். செல்லோவில் விரல்கள் வைக்கும் முறையே வேறு என்பதால் அங்கே இது உதவாது.

பியானோ பழகியவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: அங்கே கட்டைவிரல் 1. வயலினில் ஆள்காட்டி விரல்தான் 1.

படி 4: இரண்டாம் விரல் எங்கே?

க்ளெஃபுக்குப் பக்கத்தில் ஷார்ப் குறிகள் (#, நோட்டை அரை ஸ்வரம் உயர்த்தும் குறி) இருக்கிறதா என்று வாசிக்கத் தொடங்கும் முன்பே பாருங்கள். பெரும்பாலும் முதலில் கற்பது டி மேஜர் ஸ்கேல். ‘ச’வை டியில் வைத்த சங்கராபரணத்தின் ஆரோகணம்தான் அது, கமகம் இல்லாமல். அதில் இரண்டு ஷார்ப்: எஃப், சி. டி, ஏ தந்திகளில் இந்த இரண்டுமே இரண்டாம் விரல் நோட்டுகள். ஷார்ப் இருந்தால் இரண்டாம் விரல் முன்னே போய் மூன்றாம் விரலை ஒட்டி நிற்கும். ஷார்ப் இல்லாவிட்டால் பின்னே வந்து முதல் விரலை ஒட்டும்.

இந்தக் குறி வரி தொடக்கத்தில் மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு நோட்டுக்குப் பக்கத்திலும் போட மாட்டார்கள். ஆரம்பத்தில் பலரும் மூன்றாவது பார் (ஸ்டாஃபில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில் உள்ள பகுதி) வருவதற்குள் இதை மறந்துவிடுகிறார்கள். அதனால் எஃப், சி வரும் இடங்களைப் பென்சிலால் லேசாக வட்டமிடுங்கள்.

படி 5: எத்தனை பீட்?

4/4 என்றால் ஒரு பாருக்கு நான்கு பீட், அதாவது நான்கு தாளத் தட்டு. குச்சியுள்ள கறுப்பு நோட்டுக்கு ஒரு பீட், குச்சியுள்ள வெற்று நோட்டுக்கு இரண்டு, குச்சியில்லாத வெற்று நோட்டுக்கு நான்கு. கறுப்பு நோட்டில் வால் இருந்தாலோ, பக்கத்து நோட்டோடு ஒற்றைப் பட்டையால் சேர்ந்திருந்தாலோ அரை பீட். இப்போதைக்கு இது போதும்.

படி 6: இரண்டு பார் படித்துப் பார்ப்போம்

டி மேஜர், 4/4. முதல் பாரில் நான்கு கறுப்பு நோட்டுகள். முதலாவது அடிக்கோட்டுக்குக் கீழே தொங்குகிறது: டி, விரல் வேண்டாம். அடுத்தது அடிக்கோட்டிலேயே இருக்கிறது: கோடு, எனவே முதல் விரல், ஈ. அடுத்தது முதல் இடைவெளி: இரண்டாம் விரல், எஃப் ஷார்ப், முன்னே. கடைசி நோட் இரண்டாவது கோட்டில்: மூன்றாம் விரல், ஜி. இரண்டாவது பாரில் இரண்டு வெற்று நோட்டுகள், இரண்டும் இரண்டாவது இடைவெளியில்: ஏ. ஏ தந்தியை அப்படியே வாசிக்கலாம், டி தந்தியில் நான்காம் விரலும் வைக்கலாம். சுண்டுவிரல் பலப்படும் வரை முதல் வழியே போதும்.

நோட்டுக்கு மேலே கீழ்ப்பக்கம் இல்லாத சதுரம் மாதிரி ஒரு குறி இருந்தால் வில்லைக் கீழே இழுக்க வேண்டும். ஆங்கில ‘V’ வடிவக் குறி இருந்தால் மேலே தள்ள வேண்டும். வெவ்வேறு நோட்டுகளை ஒரு வளைகோடு சேர்த்தால், வில் திசை மாறாமல் ஒரே இழுப்பில் வாசிக்க வேண்டும்.

பயிற்சி

தினமும் முதல் ஐந்து நிமிடம் வயலினைத் தொடாமல் தாளை மட்டும் படியுங்கள். ஒவ்வொரு நோட்டுக்கும் பெயர், தந்தி, விரல் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் மெட்ரோனோமை (தட்டித் தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து வாசியுங்கள். தடுமாறினால் 50க்கு இறக்குங்கள். நடுவில் நிற்க மட்டும் வேண்டாம். வாசித்த பாட்டையே திரும்பத் திரும்ப எடுத்தால் காது மனப்பாடம் செய்துவிடும், கண் தூங்கிவிடும். அதனால் தினமும் பார்த்திராத நான்கு பார்கள் வேண்டும். பழைய புத்தகத்தில் தாண்டிப் போன பக்கங்களே இதற்குப் போதும்.

டி மேஜர் கைக்கு வந்ததும் ஜி மேஜருக்குப் போங்கள். அதில் எஃப் மட்டும்தான் ஷார்ப், சி சாதாரண சி. எனவே டி தந்தியில் இரண்டாம் விரல் முன்னேயே இருக்கும், ஏ தந்திக்கு மாறியதும் பின்னே வர வேண்டும். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் மெதுவாக, இரண்டு தந்திக்கும் மாறி மாறிப் போய்ப் பழகுங்கள்.