‘இம்பீச்மென்ட்’ என்ற சொல்லைத் தமிழில் பிழையின்றி ஆள்வது எப்படி?

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதித் தருவோரிடம், ஓர் அதிகாரி மீது பிராது கொடுக்க வேண்டும் என்று ஒருவர் போய் நின்றால், யார் மேல், யாரிடம், என்ன குற்றத்துக்காக என்ற மூன்றையும் கேட்காமல் அவர்கள் தாளில் பேனாவை வைப்பதில்லை. ‘இம்பீச்மென்ட்’ என்ற சொல்லைத் தமிழில் எழுத முனைவோரும் அந்த மூன்று கேள்விகளையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அவற்றைக் கேளாமல் எழுதுவதால்தான், குற்றஞ்சாட்டப்பட்டவரெல்லாம் பதவி இழந்தவர்களாக நம் செய்திகளில் தோன்றுகிறார்கள்.

உயர் பதவியில் உள்ள ஒருவர் மீது, சட்டம் இயற்றும் அவை முறைப்படி குற்றஞ்சாட்டுவதே இச்சொல்லின் அடிப்படைப் பொருள். காலில் பூட்டும் விலங்கைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, தடுத்து நிறுத்துதல் என்ற பொருளோடு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது அது. குற்றம் மெய்ப்பிக்கப்படுவதும் பதவி பறிபோவதும் அதற்குப் பின் வரக்கூடியவை, வராமலும் போகக்கூடியவை.

இதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய பழைய சான்று வாரன் ஹேஸ்டிங்ஸ் வழக்கு. அவர் 1785இலேயே வங்காளத்தின் கவர்னர் ஜெனரல் பதவியை விட்டுச் சென்றுவிட்டார். ஆயினும் பிரிட்டிஷ் மக்களவை அவர் மீது குற்றஞ்சாட்ட, 1788இல் பிரபுக்கள் அவையில் தொடங்கிய விசாரணை ஏழாண்டுகள் நீண்டு, 1795இல் அவர் விடுவிக்கப்பட்டதோடு முடிந்தது. பதவியிலேயே இல்லாதவரைப் ‘பதவி நீக்கம்’ செய்தார்கள் என்று எழுத முடியுமா?

அமெரிக்கச் செய்திகளை மொழிபெயர்ப்போர் இங்கேதான் பெரிதும் இடறுகிறார்கள். அங்கே பிரதிநிதிகள் அவை குற்றஞ்சாட்டும். செனட் விசாரித்துத் தீர்ப்பளிக்கும். 1868இல் ஆண்ட்ரூ ஜான்சனும், 1998இல் கிளின்டனும், 2019இலும் 2021இலும் டிரம்ப்பும் குற்றஞ்சாட்டப்பட்டனர்; நான்கு முறையும் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காததால் யாரும் தண்டிக்கப்படவில்லை. ஜான்சன் தப்பியது ஒரே ஒரு வாக்கில். ஆகவே ‘2019இல் டிரம்ப் பதவி நீக்கம் செய்யப்பட்டார்’ என்பது பிழை. ‘2019இல் பிரதிநிதிகள் அவை டிரம்ப் மீது குற்றச்சாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது’ என்பதே சரி. நிக்சனோ 1974இல் அந்த அவை முழுவதும் கூடி வாக்களிப்பதற்கு முன்பே விலகிவிட்டதால், அவர் மீது அத்தகைய தீர்மானம் நிறைவேறவே இல்லை.

இந்தியாவில் நிலை வேறு. நம் அரசியலமைப்பு இச்சொல்லைக் குடியரசுத் தலைவருக்கு மட்டுமே பயன்படுத்துகிறது. 61ஆம் பிரிவின்படி, அரசியலமைப்பை மீறினார் என்ற குற்றச்சாட்டை நாடாளுமன்றத்தின் எந்த அவையும் கொண்டுவரலாம். அதற்கு அவ்வவையின் மொத்த உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால் மற்ற அவை அதை விசாரிக்கும். அங்கும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு குற்றம் உறுதியானால்தான் பதவி போகும். இதுவரை எந்தக் குடியரசுத் தலைவர் மீதும் இது நிறைவேறியதில்லை.

நீதிபதிகளுக்கு 124ஆம் பிரிவு சொல்வது ‘நீக்குதல்’ என்பதையே. நாளிதழ்கள் இதையும் இம்பீச்மென்ட் என்றே எழுதிப் பழகிவிட்டன; பேச்சு வழக்கில் அது நிலைத்துவிட்டதால் நான் அதை மறுக்கவில்லை. ஆனால் தமிழில் எழுதும்போது இங்கே ‘பதவி நீக்கத் தீர்மானம்’ என்பதே மிகப் பொருத்தமானது, ஏனெனில் அந்தத் தீர்மானத்தின் நோக்கமே நீக்கம்தான். 1993இல் நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானத்துக்கு மக்களவையில் 196 பேர் ஆதரவாக வாக்களித்தும், காங்கிரஸ் உறுப்பினர்கள் வாக்களிக்காமல் ஒதுங்கியதால் தேவையான பெரும்பான்மை கிட்டாமல் அது தோற்றது. ஆகவே ‘தீர்மானம்’ என்ற சொல்லை விட்டுவிட்டு வெறும் ‘பதவி நீக்கம்’ என்று எழுதினால் வரலாறே மாறிவிடும்.

நம் பக்கத்து நிகழ்வுகளுக்கு இச்சொல்லைப் பூசுவது இன்னொரு பிழை. 2024 ஜனவரியில் திருநெல்வேலி மேயர் மீது மாநகராட்சி உறுப்பினர்கள் கொண்டுவந்து, கூட்டத்துக்கு அவர்களே வராததால் கைவிடப்பட்டது ‘நம்பிக்கையில்லாத் தீர்மானம்’. அதற்குக் குற்றம் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆதரவு இல்லை என்று காட்டினால் போதும். ஊராட்சித் தலைவரை 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் அகற்றுவது நிர்வாக நடவடிக்கை. அதுவும் இம்பீச்மென்ட் ஆகாது.

பாஞ்சாலங்குறிச்சிக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு சான்று சொல்லலாம். 1798இல் இராமநாதபுரத்தில் நேர்ந்த மோதலுக்குப் பின், கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனின் நடத்தையைப் பற்றிச் சென்னை அரசுக்கு முறையிட்டார். அரசு அமைத்த குழு விசாரித்தது. ஜாக்சன் அகற்றப்பட்டு லூஷிங்டன் அவரிடத்துக்கு வந்தார். ஓர் அதிகாரி மீது முறைப்படி எழுந்த குற்றச்சாட்டுத்தான் இது, அதன் விளைவும் பதவி நீக்கம்தான். ஆனாலும் குற்றஞ்சாட்டியது ஒரு பாளையக்காரர், நீக்கியது கம்பெனி அரசு, இடையில் சட்டமன்றம் எதுவும் இல்லை. எனவே இதற்கு ‘முறையீடு’, ‘விசாரணை’, ‘நீக்கம்’ என்ற சொற்களே போதும்.

இலங்கைத் தமிழில் இம்பீச்மென்ட்டுக்குக் ‘குற்றப்பிரேரணை’ என்ற சொல் உண்டு. 2013 ஜனவரியில் அந்நாட்டின் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பதவி இழந்தபோது அங்குள்ள இதழ்கள் அதையே எழுதின. பிரேரணை என்பது தீர்மான முன்மொழிவு. ஆகவே குற்றஞ்சாட்டும் நிலையை அச்சொல் துல்லியமாகக் காட்டுகிறது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த நம் தென்கோடிக்கு அந்தத் தமிழ் அயலானதன்று, தயங்காமல் எடுத்தாளலாம். அது வேண்டாம் என்போர் ‘குற்றச்சாட்டுத் தீர்மானம்’ என்று எழுதலாம். ‘கண்டனத் தீர்மானம்’ மட்டும் கூடாது. அது அவையின் அதிருப்தியைப் பதிவு செய்வதோடு நின்றுவிடுவது.

பாளையங்கோட்டை நீதிமன்றத்துக்குச் செல்வோர் இதே ஆங்கிலச் சொல்லின் வினைவடிவை வேறு பொருளில் கேட்கக்கூடும். சாட்சி ஒருவர் முன்பு சொன்னதற்கு முரணாக இப்போது சொல்கிறார் என்று காட்டுவது போன்ற வழிகளில், அவருடைய நம்பகத்தன்மையைக் குலைப்பதையும் சாட்சியச் சட்டம் அச்சொல்லால்தான் குறிக்கிறது. அங்கே அவையும் இல்லை, பதவியும் இல்லை. ‘சாட்சியின் நம்பகத்தன்மையை எதிர்த்தல்’ என்று எழுதுவதே முறை.