ஆடிட் ட்ரிகரில் எல்லா மாற்றமும் ஒரே யூசர் பெயரில் விழுந்தால்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், யார் எதை மாற்றினார் என்று பதியும் ஆடிட் டேபிள், மாற்றம் நடக்கும்போது தானாக ஓடும் ட்ரிகர் மூலம் ஒழுங்காகத்தான் நிரம்பியது. எல்லா வரியிலும் மாற்றியவர் மட்டும் ஒரே ஆள். கனெக்‌ஷன் பூல் (எல்லோரும் மாறி மாறிப் பயன்படுத்தும் திறந்த இணைப்புகள்) ஒரே டேட்டாபேஸ் யூசராக உள்ளே வரும்போது, இப்போதைய யூசரைச் சொல்லும் 'கரன்ட்_யூசர்' வேறு எதைச் சொல்லும்?

டிரான்சாக்‌ஷன் (ஒன்றாக முடியும் மாற்றங்களின் தொகுதி) தொடங்கியதும், செட்டிங் வைக்கும் 'செட்_கான்ஃபிக்' ஃபங்ஷன் வழியாக லாகின் ஆனவரின் ஐடியை வைத்தேன். மூன்றாவது மதிப்பு 'ட்ரூ'. அப்போதுதான் டிரான்சாக்‌ஷனோடு அது போய்விடும், பூலில் அடுத்தவர் தலையில் விழாது. ட்ரிகர் அதை 'கரன்ட்_செட்டிங்' மூலம் எடுக்கிறது. அங்கே இரண்டாவது மதிப்பும் 'ட்ரூ' இல்லையென்றால், ஐடி வைக்காத ஸ்கிரிப்ட் எரர் அடித்து நின்றுவிடும். இன்னொரு வம்பு: ஒருமுறை ஐடி வைத்த கனெக்‌ஷனில் பிறகு ஐடி வைக்காதபோது நல் (மதிப்பே இல்லை என்ற குறி) வராது, வெற்று ஸ்ட்ரிங் வரும், நேரே இன்டிஜராக மாற்றினால் உடையும். வெற்று ஸ்ட்ரிங்கை நல்லாக மாற்ற 'நல்இஃப்' போட்டதும் சரியானது.

டேபிளை முழுதாகக் காலி செய்யும் ட்ரங்கேட்டுக்கு, வரிக்கு வரி ஓடும் ரோ ட்ரிகர் ஓடாது. அதற்குத் தனியாக, கட்டளைக்கு ஒருமுறை ஓடும் ஸ்டேட்மென்ட் ட்ரிகர் வைக்க வேண்டும்.