பழைய டீசல் கெப்பில் 'டக் டக்' சத்தமா?

எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, இன்ஜெக்டருக்கு (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) போகும் இரும்புக் குழாயின் நட்டை (பெரும்பாலும் 17 ஸ்பானர்) அரைச் சுற்று தளர்த்திக் காது கொடுத்துக் கேளுங்கள், பிறகு அதை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நட்டைச் சுற்றி ஒரு துணி, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

தளர்த்தியதும் டீசல் வெளியே கசிந்துவிடும், அந்தச் சிலிண்டரில் எரிப்பு நிற்கும். ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் சத்தம் அடங்கினால் கோளாறு அங்கேதான். சரி, இன்ஜெக்டரா பேரிங்கா? அந்த இன்ஜெக்டரைக் கழற்றி வேறு சிலிண்டருக்கு மாற்றுங்கள். சத்தமும் கூடவே அந்தச் சிலிண்டருக்கு மாறினால் இன்ஜெக்டர் நுனியிலுள்ள நாசிலைச் சரிபார்த்தால் போதும், பாவித்த எஞ்சின் தேடிப் பஞ்சிகாவத்தைக்கு ஓடவேண்டியதில்லை. சத்தம் பழைய இடத்திலேயே நின்றால் பேரிங், பிஸ்டன் பக்கம் பாருங்கள்.

ஒயில் லைட் எரிந்துகொண்டு கனமாக இடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம், உடனே நிறுத்துங்கள். காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புதிய வகை) தயவுசெய்து ஸ்பானரே வைக்காதீர்கள்: அழுத்தம் 1000 பாருக்கு மேலும் போகும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதற்குக் கம்பியூட்டர் ஸ்கேனர்தான்.