‘அந்த மேனேஜருக்குக் கால் உடையட்டும்’: விக்கா முறையில் ஒரு ஆசையை எடைபோடுவது எப்படி

மூன்று வருடம் தொடர்ந்து பொங்கலுக்கு முந்தின இரவு எனக்கு நைட் ஷிப்ட் விழுந்தது. இங்கிலாந்தில் நான் இருக்கும் இந்த ஊரில் ஜனவரியில் சூரியன் எட்டு மணிக்குத்தான் எழும்பும். என் ஷிப்ட் முடிவதும் எட்டு மணிக்கு. நான் பஸ் பிடித்து வீடு வந்து பானை வைக்கும்போது சூரியன் பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே போயிருப்பார். நான்காவது வருடத்து அட்டவணையிலும் அதே இரவில் என் பெயரைப் பார்த்த அன்று, வேலிக்கு மேலாக எட்டி அடுத்த வீட்டு அம்மாவிடம் சொன்னேன்: “நீங்கள்தான் விட்ச் ஆயிற்றே. எங்கள் மேனேஜருக்கு ஒரு கால் மட்டும் உடைகிற மாதிரி ஏதாவது செய்யக்கூடாதா?”

அந்த அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் வட்டத்துக்குள் ஐந்துமுனை நட்சத்திரம் போட்ட சின்ன வெள்ளிப் பதக்கம் தொங்கும். நான் வேடிக்கையாகத்தான் கேட்டேன், பாதியாவது. அவர் சிரிக்கவில்லை. “உள்ளே வா, டீ போடுகிறேன். எண்ணிப் பார்ப்போம்” என்றார்.

அந்த எண்ணிப் பார்க்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். விக்கா என்பது இவரைப் போன்ற விட்ச்கள் பின்பற்றும் மதம். இதைச் செய்ய யாரும் அதில் சேர வேண்டியதில்லை. நானும் சேரவில்லை, கதிர்காமத்துக் கந்தன் எனக்குப் போதும். ஆனால் விக்காக்காரர்கள் நல்லது கெட்டதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று புரிய வேண்டுமானால், கொள்கையைப் படிப்பதைவிடச் சொந்த ஆசை ஒன்றை, அதுவும் கொஞ்சம் அசிங்கமான ஆசை ஒன்றை, அவர்கள் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது.

முதலில் மேசையைத் துடைக்க வேண்டும். ‘சூனியக்காரி’ என்ற சொல்லை இறக்கி வையுங்கள். நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவள். முச்சந்தியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்தால் அரை மைல் சுற்றிப் போவோம். அந்தப் பயத்தோடுதான் இந்த அம்மா வீட்டு அலமாரியில் கறுப்புப் பிடி போட்ட கத்தியைப் பார்த்தேன். அதாமே என்று அதற்குப் பெயர். அது ரத்தம் பார்க்கவே கூடாத கத்தி, பூசை நேரத்தில் வட்டம் வரைய மட்டும்தானாம். ரொட்டி வெட்டக்கூட எடுப்பதில்லை.

விக்காவை உலகுக்குச் சொன்ன ஜெரால்ட் கார்ட்னர், 1900இல் தமது 16ஆவது வயதில் தேயிலைத் தொழில் பழக வந்து இறங்கியது எங்கள் மஸ்கெலியாவில்தான். இதைக் கேட்டபோது எனக்கு டீ புரையேறிவிட்டது. அப்புறம் போர்னியோ, மலாயா என்று சுற்றி, சுங்க அதிகாரியாக இருந்து, 1936இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பக்கத்தில் 1939இல் ஒரு விட்ச் குழு தம்மைச் சேர்த்துக்கொண்டதாக அவரே சொன்னார். விட்ச்கிராஃப்ட் பற்றிய 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, 1954இல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதாவது, இப்போது நாம் காணும் உருவில் இது எங்கள் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றைவிட இளைய மதம்.

அடுத்து மேசையிலிருந்து இறக்க வேண்டியது சாத்தான். விக்காவில் அப்படி ஒருவன் இல்லை. அவர்களுடைய ஆண் தெய்வத்துக்கு மான்கொம்பு உண்டு, அதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். அது காட்டின் தெய்வம், வேட்டையின் தெய்வம், அவ்வளவுதான். பக்கத்தில் தேவி இருக்கிறாள். சாத்தான் கிறிஸ்தவர்களுடைய பாத்திரம், எங்கள் கதையில் அவன் வருவதில்லை என்பார் அந்த அம்மா. 1974இல் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் கூடிய விட்ச்கள் 13 கொள்கைகளை வெளியிட்டார்கள். முழுமுதல் தீமை என்ற ஒன்றை ஏற்பதில்லை, சாத்தானை வணங்குவதில்லை என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. பிறவிப் பாவம் கிடையாது, நரகமும் கிடையாது.

இந்த இடத்தில் நான் அந்த அம்மாவோடு சண்டை போட்டேன். 1983 ஜூலையில், இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில், பதுளையில் என் மாமாவின் துணிக்கடையை எரித்தார்கள். அதைத் தீமை என்று சொல்லாமல் வேறு என்ன பெயர் சொல்வது? தீமை என்று ஒன்று இல்லை என்பது, வசதியாக வாழ்ந்தவர்கள் சொல்லும் பேச்சு இல்லையா?

அவர் நெடுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “தீமை செய்கிறவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லையே. அவர்களை ஆட்டி வைத்த ஒரு பேய் இல்லை என்கிறேன். கடையை எரித்தது மனிதர்கள். பேயின் மேல் பழியைப் போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போக முடியாது.” இதைக் கேட்டு என் கோபம் தணியவில்லை. ஆனால் கேள்வி எங்கே நிற்கிறது என்று புரிந்தது. விக்காவில் தீமை என்பது எங்கோ இருந்து வந்து பிடிக்கும் பொருள் இல்லை. ஒருவர் செய்யும் செயல். செய்தவர் பெயர் அதில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

சரி, இப்போது அளவுகோல். கார்ட்னருடைய சீடரும் பல பூசைப் பாடல்களை எழுதியவருமான டோரீன் வாலியென்ட், 1964இல் ஒரு விருந்தில் பேசும்போது அதை எட்டுச் சொல்லில் சொன்னார். எவருக்கும் தீங்கில்லையெனில், நினைத்ததைச் செய். ஆங்கிலத்தில் எட்டு, தமிழில் நான்கே போதுமாயிருக்கிறது. இதற்கு ‘ரீட்’ என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் ரீட் என்றால் புத்திமதி. சட்டமோ கட்டளையோ இல்லை, ஒரு பெரியவர் சொல்லும் யோசனை மாதிரி.

இதை அவசரமாகப் படித்தால் இரண்டு இடத்தில் தடுக்கும். ‘நினைத்ததை’ என்பது மனம்போன போக்கு இல்லை. அதற்கு முன்பே 1904இல், ‘உன் சித்தப்படி செய்’ என்று அலிஸ்டர் குரோலி என்ற மந்திரவாதி எழுதியிருந்தார். அங்கே சித்தம் என்பது, மேலோட்டமான ஆசைகளையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சும் உறுதி. விக்காக்காரர்களும் அந்தப் பொருளில்தான் படிக்கிறார்கள். ஆக, உங்கள் ஆசையை எழுதி, அதற்குக் கீழே ‘இது எதற்காக?’ என்று எழுதுங்கள். பதிலுக்குக் கீழே மறுபடியும் அதே கேள்வி. என் தாளில் ‘கால் உடைய வேண்டும்’ என்று தொடங்கி, மூன்றாம் வரியில் ‘சூரியன் எழும்பும்போது நான் அடுப்படியில் இருக்க வேண்டும்’ என்று வந்து நின்றது. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

தடுக்கும் இன்னோர் இடம் ‘எவருக்கும்’. அதில் நீங்களும் அடக்கம். விக்காக்காரர்கள் இதை விடாமல் சொல்வார்கள். தன்னைத் தேய்த்துக்கொண்டு பிறருக்கு உழைப்பதும் கணக்கில் தீங்காகத்தான் விழும். மூன்று வருடம் வாயைத் திறக்காமல் அந்த ஷிப்ட்டைச் செய்தது பொறுமை என்று நான் நினைத்திருந்தேன். அந்த அம்மா அதையும் தீங்குப் பக்கத்தில் எழுதச் சொன்னார்.

இனி எண்ணுங்கள். யார் யாருக்கு, என்ன, எவ்வளவு நாளைக்கு. நான் எண்ணியது இப்படிப் போனது. மேனேஜருக்குக் கால் உடைந்தால் அவருக்கு வலி. அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், பள்ளிக்கூடம் கூட்டிப் போக வேறு ஆள் இல்லை. ஆறு வாரம் லீவு. அந்த ஆறு வாரமும் அவர் ஷிப்ட்டை யார் பார்ப்பது? சீனியாரிட்டிப்படி நான். இந்த வரியை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாபத்தின் பாதி என் தலையிலேயே விழுகிறது, அதற்கு எந்த மந்திரமும் தேவைப்படவில்லை.

அந்த அம்மா மும்மடங்கு விதியைப் பற்றிச் சொன்னது அப்போதுதான். நீ அனுப்புவது, நல்லதோ கெட்டதோ, மூன்று மடங்காய் உன்னிடமே திரும்பும் என்பது அது. நமக்கு உடனே ‘வினை’ என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். நம் வினைக்கணக்கு பிறவி தாண்டி நடக்கும், இதை அவர்கள் பெரும்பாலும் இந்தப் பிறவிக்குள்ளேயே எதிர்பார்க்கிறார்கள். இன்னொரு விஷயம், கார்ட்னர் 1949இல் வெளியிட்ட நாவலில் இது வேறு மாதிரி வருகிறது: நன்மை பெற்றவர் அதை மும்மடங்காகத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்று. அங்கே அது கடன். பின்னால் வந்தவர்கள் கையில் அது எச்சரிக்கையாக மாறிவிட்டது. எனக்கு அந்தப் பழைய கடன் வடிவம்தான் பிடித்திருக்கிறது. எல்லா விக்காக்காரர்களும் மூன்று என்ற எண்ணை அப்படியே நம்புவதில்லை. போப் இல்லை, ஒரே வேதநூலும் இல்லை, ஆகவே இதில் ஆளுக்கொரு கருத்து. எப்படியானாலும், திரும்பி வருமோ என்ற பயத்தில் மட்டும் நல்லவராக இருப்பது சிறுபிள்ளைத்தனம் என்றார் அந்த அம்மா.

எண்ணி முடித்ததும் கேட்க வேண்டியது: சம்பந்தப்பட்டவர் சம்மதித்தாரா? இங்கே விக்காக்காரர்கள் பலர் மிகக் கறார். குறிப்பிட்ட ஒருவர் தன்னைக் காதலிக்க வேண்டும் என்று வசியம் செய்வது அவர்களுக்குத் தப்பு. அன்புதானே என்று நாம் நினைப்போம், ஆனால் இன்னொருவர் சித்தத்தை வளைப்பது தீங்குக் கணக்கில் வருகிறது. நோய் குணமாகட்டும் என்று கேட்காமலே பூசை செய்வதையும் பலர் தவிர்ப்பார்கள். என் அம்மாவின் முழங்கால் வலிக்காக மெழுகுவர்த்தி ஏற்றலாமா என்று இவர் என்னிடம் கேட்டபோது, சரி என்றேன். “உன்னிடம் இல்லை, அவரிடம் கேள்” என்றார். மஸ்கெலியாவுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுக் கேட்டேன். “மெழுகுவர்த்திதானே, மாதாவுக்கு ஏற்றுவதாக நினைத்துக்கொள்கிறேன், ஏற்றச் சொல்” என்றார் அம்மா. சம்மதம் கிடைத்துவிட்டது, கொஞ்சம் முகவரி மாறி.

இதெல்லாம் தீங்கைத் தவிர்க்க முடிகிற இடத்துக்குச் சரி. தவிர்க்க முடியாத இடத்தில்? ரீட்டை இன்னொரு முறை படியுங்கள். தீங்கில்லாவிட்டால் செய் என்றுதான் இருக்கிறது. தீங்கு இருந்தால் என்ன செய்வது என்று அது சொல்லவே இல்லை. வாழ்க்கையின் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் ஓடுகிறது. அங்கே விக்காக்காரர்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் உண்டு. சபிக்கத் தெரியாதவளுக்குக் குணப்படுத்தவும் தெரியாது என்பவர்கள் ஒரு பக்கம், எந்த நிலையிலும் சபிக்கக்கூடாது என்பவர்கள் மறுபக்கம். நடுவில் ‘கட்டுதல்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆளை வருத்தாமல், அவர் செய்யும் கெடுதலை மட்டும் நிறுத்தப் பார்ப்பது.

இதற்குக் கார்ட்னர் சொன்ன கதையே உதாரணம். 1940இல் ஹிட்லரின் படை கடல் தாண்டி வரும் என்று நாடே நடுங்கிக்கொண்டிருந்தபோது, நியூ ஃபாரஸ்ட் விட்ச்கள் இரவில் காட்டில் கூடிப் பூசை செய்தார்களாம். நடந்ததா இல்லையா என்பது வேறு விவாதம். எனக்குச் சுவையாக இருப்பது அவர்கள் அனுப்பியதாகச் சொல்லும் செய்தி. ‘செத்துப்போ’ என்று இல்லை. ‘உன்னால் கடலைத் தாண்ட முடியாது, உன்னால் வர முடியாது’ என்பதுதான். அதற்கே சில முதியவர்கள் உயிரைக் கொடுத்ததாகவும் கார்ட்னர் எழுதினார். எங்கள் வீட்டிலிருந்து அந்தக் காடு பஸ்ஸில் அரை மணி நேரம்தான்.

ஒரு பிழையை மட்டும் செய்யாதீர்கள்: இருட்டைத் தீமைப் பக்கத்தில் எழுதிவிடாதீர்கள். தேய்பிறை, சாவு, மக்கிப்போவது எல்லாம் அவர்களுக்கு வட்டத்தின் பாதி. அக்டோபர் 31 அன்று, சவின் என்ற நாளில், இந்த அம்மா இறந்துபோன கணவருக்கு ஒரு தட்டில் சாப்பாடு எடுத்து வைப்பார். நம் படையலேதான், இலை மட்டும் இல்லை. வெள்ளை மந்திரம், கறுப்பு மந்திரம் என்று பிரித்துப் பேசினாலும் அவருக்குப் பிடிக்காது. என் கையைத் தொட்டுக் காட்டி, “கறுப்பு என்றால் கெட்டது என்று உன்னிடம் நான் எப்படிச் சொல்வேன்?” என்று கேட்டார்.

என் வழக்கின் தீர்ப்புக்கு வருகிறேன். டீ ஆறிப்போன பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அந்தப் பெண்ணிடம் நேரில் கேட்டாயா?” கேட்கவில்லை. வாயால் முடிகிற வேலைக்கு மந்திரம் கேட்பது சோம்பேறித்தனம் என்றார். நான்கு வருட அட்டவணையையும் படம் எடுத்துக்கொண்டு போய்ப் பேசினேன். பொங்கல் என்ற ஒன்று இருப்பதே மேனேஜருக்குத் தெரியாதாம். நம்புவதா வேண்டாமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. முந்தின இரவு விடுமுறை கிடைத்தது. கிறிஸ்துமஸ் இரவு என் தலையில் ஏறியது. அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று விட்டுவிட்டேன். பொங்கல் பொங்கி வேலி வழியாக ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

மே மாதம் ஒரு ராத்திரி, ஷிப்ட் முடிந்து தாமதமாக வந்தேன். தோட்டத்தில் டார்ச் வெளிச்சம். அந்த அம்மா தம் லெட்யூஸ் பாத்தியிலிருந்து ஓடில்லாத நத்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். உப்புப் போட்டுக் கொல்ல மாட்டார், மருந்தும் தூவ மாட்டார். எவருக்கும் தீங்கில்லை என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டிருக்கும்போதே, வேலிக்கு மேலாக வாளியை என் வெந்தயக்கீரைப் பாத்தியில் கவிழ்த்தார்.

“எண்ணிப் பார்த்தீர்களா?” என்றேன் இருட்டிலிருந்து.

டார்ச் அணைந்தது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் வேலிக் கதவைத் திறந்துகொண்டு, வாளியோடு வந்து, என் பக்கத்தில் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.